ஆர்னுல்ஃபின் மிதவைச் சட்டை

எங்கள் குளிர் நாட்டு ஃப்ளோரோ துறைமுகத்தில் கார்களைப் படகில் ஏற்றி இறக்கும் வேலை ஆர்னுல்ஃபுக்கு. மழையோ பனியோ, மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, இந்தக் கார் இந்த வரிசை, அந்த லாரி அந்த வரிசை என்று கையசைப்பார். யோசிக்கவே மாட்டார். யோசித்தால் வரிசை நின்றுபோகும், வண்டிக்காரர்கள் முறைப்பார்கள். எங்கள் ஊரில் ஹாரன் அடிக்கிற வழக்கம் இல்லை, முறைப்பதோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் முதுகில் மாட்டுகிற ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்க இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

கடலுக்குள் மூழ்குகிறவர்கள் காற்று உருளையோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டை அது. ஊதினால் மேலே தூக்கும், காற்றை விட்டால் கீழே இறங்கலாம். வெயில் நாட்டுக் கடலில் கதை அதோடு முடிந்தது. எங்கள் கடலில் உள்ளே தடித்த கம்பளி உடுப்பு, அதற்கு மேல் தண்ணீர் புகாத ட்ரைசூட், அதற்கும் மேல்தான் இந்தச் சட்டை. ட்ரைசூட்டுக்குள்ளும் காற்று இருக்கும். ஆக, ஒரே ஆள் இரண்டு காற்றுப் பைகளைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். எதில் எவ்வளவு காற்று வைப்பது என்பதில் எங்கள் முக்குளிப்புக் கிளப்பே இரண்டு கட்சி. தண்ணீருக்குள் ட்ரைசூட் காற்றே போதும், சட்டை மேலே வந்து மிதக்கத்தான் என்பது ஒரு கட்சி. உடம்பு நசுங்காத அளவுக்கு மட்டும் ட்ரைசூட்டில் விட்டு, மற்றதையெல்லாம் சட்டையில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் சாப்பிடுவார்கள். சண்டை வராது. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் "நீ செய்வது தப்பு" என்று சொல்ல மாட்டார்கள். அது குளிக்கும்போது கதவைத் திறந்து பார்ப்பதைவிடக் கேவலம்.

ஆர்னுல்ஃபுக்கு முன்பெல்லாம் எந்தச் சட்டையும் ஒன்றுதான். வார் அறுந்தால் மீன் வலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்குவார். பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. தலைகீழாகக் குனிந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ட்ரைசூட் காற்றெல்லாம் கால் பக்கம் ஓடிவிட்டது. கால் மேலே, தலை கீழே என்று அப்படியே கடலின் மேல்மட்டத்துக்கு வந்து சேர்ந்தார். படகில் இருந்த எங்களுக்கு முதலில் தெரிந்தது இரண்டு துடுப்புக் காலணிகள்தான். இழுத்துப் போட்டோம். சிரித்தோம். அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் கிளப் தலைவர், ஷெட்டில் என்று பெயர், மேசை மேல் கையை ஊன்றிக் காலைத் தூக்கி நடித்தே காட்டினார். ஆர்னுல்ஃபும் சிரித்தார். சட்டை இடுப்பில் நிற்கவில்லை, அதனால் வந்த வினை, புதிதாக ஒன்று வாங்கியதும் இறங்குகிறேன் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். சட்டைக்கும் காலுக்கு ஓடிய காற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்று தொடங்கியது தேடல். வயிற்றைச் சுற்றி அணைக்கிற மாதிரிச் சட்டையா, முதுகில் தகடும் அதன் பின்னால் காற்றுச் சிறகும் உள்ளதா? அணைக்கிறது என்றால் அதன் பை வந்து நெஞ்சில் உள்ள, ட்ரைசூட்டுக்குக் காற்று ஏற்றும் பொத்தானை மறைக்கும். சிறகு என்றால் மேலே மிதக்கும்போது முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். மூழ்குவதற்கென்று இடுப்பில் ஈயம் இவ்வளவு கட்டுகிறோமே, அதைத் தூக்க எவ்வளவு பெரிய பை வேண்டும்? பெரிதாக இருந்தால் உள்ளே காற்று அங்குமிங்கும் அலையாதா? படகுத்துறையில் கார்கள் ஏறும் இடைவெளியில்கூட இதே பேச்சு. யாரிடம் எதைக் காட்டிக் கேட்டாலும் "அதுவும் ஆகும்" என்று பதில் வரும். என்னிடம் ஒரே வாரத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டைக் காட்டினார். இரண்டும் ஆகும் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருடைய இணை ஹெர்டிஸ். மனைவி இல்லை, கடலுக்குள் கூட இறங்குகிற ஆள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இளவயது முதல் இருவரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். அவர் கைவிரலை ஆட்டினால் இவருக்குப் புரியும். எங்கள் பக்கம் கணவனை விட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு, இணையை விட்டவர்கள் மிகக் குறைவு. தேடல் இப்படியே இரண்டு வருடம் ஓட, புத்தாண்டு கழிந்ததும் ஹெர்டிஸ் சொல்லிவிட்டார்: பிப்ரவரியில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், அப்போது வா, இல்லாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்னுல்ஃபுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அந்த வாரமே ஒரு சட்டைக்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேர்ந்ததும் சோதித்துப் பார்க்க நகர நீச்சல் குளத்துக்குப் போனார். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் குன்வோரிடம் எந்தப் பாச்சாவும் பலிக்காது. குளத்தில் இறங்குகிற யாராக இருந்தாலும் முதலில் அம்மணமாக நின்று சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். "நான் ட்ரைசூட்டில் இறங்கறேன், என் மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது" என்று இவர் சொல்லிப் பார்த்தார். "அப்போ ட்ரைசூட்டையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றார் குன்வோர். உடம்பையும் ட்ரைசூட்டையும் கழுவினார். குளத்துத் தண்ணீரோ வெதுவெதுப்பு. கம்பளியைப் போட்டால் வெந்துவிடுவோம் என்று உள்ளே வெறும் பனியனோடு ட்ரைசூட்டை மாட்டி, மேலே சட்டையை மாட்டினார். அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. கிளப் முழுக்கச் செய்தி போயிற்று: ஆர்னுல்ஃப் தேர்ந்தெடுத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை துறையில் எல்லோரும் கூடினோம். ஆர்னுல்ஃப் மனைவி பின்னிய கம்பளியெல்லாம் போட்டு, ட்ரைசூட்டுக்குள் புகுந்து, புதுச் சட்டையை மாட்டினார். இடுப்பு வாரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று எட்டவில்லை. ஒரு சாண் இடைவெளி. மூச்சைப் பிடித்து இழுத்தார், ம்ஹூம். இந்தக் கடலில் வயதைக் கழித்த மனிதர், கம்பளி இல்லாமல் அளவு பார்த்திருக்கிறார். நேற்று சேர்ந்த பயிற்சிக்காரன்கூட இதைச் செய்ய மாட்டான்.

"அடுத்த அளவு வரவழைக்கணும்" என்றார். "வர ரெண்டு மூணு வாரம் ஆகும். என்ன பண்றது."

வழக்கம்போல எங்களில் ஒருவர் தெர்மாஸைத் திறந்தார், இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். ஹெர்டிஸ் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அந்த முகத்தில் ஏமாற்றம் இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையனுடைய நிம்மதிதான் இருந்தது.

"ஆர்னுல்ஃப், நீ சட்டை தேடல" என்றார் ஹெர்டிஸ். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருஷமா சாக்குத் தேடற. வரலன்னா வரலன்னு சொல்லு, நான் போயிக்கறேன். சட்டை மேல பழி போடாத."

இப்படி ஒரு பேச்சை இந்த ஊரில் பத்துப் பேர் முன்னால் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஓடி ஒளிய இடம் இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் ஓடியிருப்போம்.

ஆர்னுல்ஃப் வாரைக் கையில் பிடித்தபடியே நின்றார். "கால் மேல போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார்.

"போனா பிடிச்சு இழுக்கறேன். பின்ன நான் எதுக்குக் கூட வர்றேன்? என் பழைய சட்டை கார்ல இருக்கு, வார் நீளம். எடுத்துட்டு வரவா?"

தலையாட்டினார். ஊதா நிறம், ஓரமெல்லாம் வெளுத்துப்போனது. அவர் இரண்டு வருடம் அலசிய எந்த வகைக்கும் அடங்காத சட்டை. மாட்டிவிட்டார்கள். இருவரும் ஏணியில் இறங்கினார்கள். குமிழிகள் ஏணியை விட்டு அதிக தூரம் போகவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. நாங்கள் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த முறை ஆர்னுல்ஃபின் தலைதான் முதலில் மேலே வந்தது. முகமூடியைக் கழற்றியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஷெட்டில் குனிந்து கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டார் ஷெட்டில்.

"இருந்துச்சு. இன்னும் இருக்கு. அடுத்த வாரமும் வர்றேன்."

ஷெட்டில் அவர் முதுகிலிருந்த உருளையைக் கழற்றிக் கீழே வைத்தார். வைத்துவிட்டும் நிமிரவில்லை.

"நான் நாலு வருஷமா காது வலி, இறங்க முடியலன்னு சொல்லிட்டிருக்கேன்ல" என்றார் தரையைப் பார்த்தபடி. "என் காதுக்கு ஒண்ணும் இல்ல."