நியூயோர்க்கில் ஒரு விருந்து

எட்டு வயதில், கோடை விடுமுறைக்கு நியூயோர்க் போகிறேன் என்று மொன்ட்ரியாலில் என் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். பொய்யில்லை. மாமா இருந்தது நியூயோர்க் மாநிலம்தான். ஆனால் எல்லை தாண்டியதும் வந்துவிடும் அதன் வடக்கு மூலை. உயர்ந்த கட்டடங்களை எண்ணி எழுத ஒரு கொப்பி கொண்டுபோயிருந்தேன். முதல் நாளே எண்ணி முடித்தேன்: பெற்றோல் நிலையம் ஒன்று, தேவாலயம் இரண்டு, மூடிய பாடசாலை ஒன்று, மூடிய மருத்துவமனை ஒன்று. பஸ் இல்லை, மெட்ரோ இல்லை. மாமாவைத் தவிரத் தமிழரும் இல்லை.

அங்கே ஒரு பால் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் வேலைக்காகப் போனவர் மாமா. அவரைத் திரும்ப அழைத்துவரத்தான் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டி வந்திருந்தார். மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மேல் மாடி காலியாகியிருந்தது. அம்மா துப்புரவு வேலை செய்யும் மருத்துவமனைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

"உனக்கு ஒண்டு நடந்தா இஞ்ச ஆரடா பாக்கிற?"

"ஆரும் பாப்பாங்க அக்கா. நானும் ஆரையும் பாக்கிறன்தானே."

மாமா வந்தால் எனக்குச் சைக்கிள் பழக்குவார் என்பதால் நான் அம்மா பக்கம்.

அந்த ஊர் அம்புலன்சுக்குச் சம்பள ஆட்கள் கிடையாது. ஊரார் ஐந்து பேர் முறைவைத்து ஓடினார்கள். மாமா அதில் ஒருவர். இடுப்பில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது கீச்சிட்டால் இருந்த இடத்திலிருந்து எழும்பிவிடுவார்.

மூன்றாம் நாள் மதியம், பாதிச் சோற்றில் அது கீச்சிட்டது. கதவைத் திறந்தவரிடம் நான் கேட்டேன்:

"மாமா, எங்க போறீங்க?"

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "வெளிக்கிடுற ஆளிட்ட எங்க எண்டு கேக்கிறதா, புள்ள? தம்பி, நில்லு. வந்து இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

"அக்கா, அங்க ஒரு கிழவனுக்கு நெஞ்சு நோவு!"

"அதுக்குத்தான் சொல்றன். இருடா."

நாற்பது வயது மனிதர் திரும்பி வந்து இருந்தார். குடித்தார். ஓடினார்.

திறந்திருந்த மருத்துவமனை ஒரு மணி நேர ஓட்டத்தில் இருந்தது. நான் யன்னலடியிலேயே நின்றேன். கிழவருக்கு ஏதும் ஆனால் அது என் கேள்வியாலா, அம்மாவின் தண்ணீராலா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அதையேதான் யோசித்திருக்கவேண்டும். ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பின்னேரம் வந்த மாமா எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"கிழவன் எழும்பி இருந்து பகிடி விடுறார். தண்ணி நல்லா வேலை செய்திருக்கு அக்கா."

பிறகு ஆறிய சோற்றை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை எங்களைத் தேவாலய மண்டபத்தில் ஒரு விருந்துக்குக் கூட்டிப்போனார். நீள மேசை நிறையத் தட்டுகள். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொன்றைத் தாளால் மூடி எடுத்து வந்திருந்தார்கள். நான் மூன்று துண்டு சொக்லேற் கேக் தின்றபடி, குணமான கிழவரைத் தேடினேன். தலை நரைத்த ஒரு பெண் மாமாவின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் இரண்டு வார்த்தை. ஆனால் எங்கள் ஊர் மட்டக்களப்பில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலார்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அந்த மேசையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அந்தாளா?"

"புள்ளைக்குச் சொல்லாதீங்க அக்கா."

எனக்கு ஏதோ பரிசு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அம்மா நேரே போய் அந்தப் பெண்ணின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் புறப்பட்டபோது காரில் எங்கள் பெட்டிகள் மட்டும் இருந்தன.

"மாமா வரேல்லையா?"

"பெல்ட்டப் போடு, புள்ள."

அன்று காலை அம்மா அவரை எங்களோடு வரச்சொல்லி ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. எல்லைவரை அழுது சண்டை பிடித்தேன். தன் தம்பியை ஒரு ஊருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வருகிற அக்காவோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.