நண்டு ஏறிய டைரக்ட் விமானம்

நண்டுக்காரர் தன் மச்சினனுக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தார். அவன் படகு ஓட்டிப் பிடித்துக் கொடுத்த ஒரு லோடு நண்டின் விலை அது. விற்ற கையோடு தருவதாகச் சொல்லி வாங்கியது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர் அவர். தலைச்சுமையாக நண்டு விற்றுத் தொடங்கி, அதே நண்டை வானத்தில் பறக்கவிட்டவர். வேறு எவனுக்கு வந்தது அந்தத் துணிச்சல்? ஏமாற்றுக்காரன் என்ற பேச்சுக்கு மட்டும் இதுவரை அவர் இடம் கொடுத்ததில்லை.

அந்தப் பேச்சு இப்போது வீட்டுக்குள்ளேயே கிளம்பியிருந்தது.

"நண்டுக்கு ஏரோப்ளேன், எனக்கு மட்டும் இன்னைக்கு நாளைக்கா அத்தான்?" என்றான் மச்சினன். "படகுக்கு டீசல் போட வழியில்ல. அக்கா முகத்துக்காக எத்தனை நாள் வாயை மூடிட்டிருக்கறது?"

அடுப்படியில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. மனைவி யார் கட்சி என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

நண்டுக்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. நண்டு செத்தது அவர் குற்றமா? கடல் தாண்டி நண்டு போய் இறங்க வேண்டிய விமான நிலையம் இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். "டைரக்ட் ஃபிளைட்டுண்ணே, மூணரை மணி நேரம்" என்று அடித்துச் சொன்னவன் சரக்கு ஏஜெண்டு. அந்தக் கணக்குக்குத்தான் ஐஸ் வைத்து, ஈரச்சாக்கு போர்த்தி அனுப்பினார். விமானமோ நடுவழியில் வேறோர் ஊரில் இறங்கி, பெட்டிகளைத் தார்த்தரையில் இறக்கி, உச்சிவெயிலில் அரை நாள் போட்டிருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது ஒரு கால்கூட அசையவில்லை. வாங்குகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, பணம் கிடையாது என்றுவிட்டார்.

"கிளம்பு மாப்ள" என்று உறுமிவிட்டு, உயிர்நண்டுப் பெட்டி ஒன்றைத் தோளில் ஏற்றினார். கொடுக்குகளைக் கட்டியிருந்த கயிறுகளை வழியிலேயே அறுத்துவிட்டார்.

ஏஜெண்டின் அறை குளுகுளுவென்றிருந்தது. வெளியே ஆட்கள் வரிசையில் நிற்க, உள்ளே பூ ஏற்றுமதி செய்யும் அம்மாள் ஒருத்தி காத்திருந்தாள்.

"டைரக்ட்னுதானேடா சொன்னே?" என்று கேட்டார் நண்டுக்காரர்.

"டைரக்ட்தாண்ணே. ஒரே ஃபிளைட் நம்பர், நடுவுல இறங்கி ஏறும். இறங்காம போறதுக்குப் பேரு நான்ஸ்டாப். நான் நான்ஸ்டாப்னு சொன்னேனா?" ஏஜெண்டு சிரித்தான். "அதெல்லாம் அண்ணனுக்கு எங்க புரியப் போகுது!"

சிரிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். நண்டுக்காரர் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். கம்ப்யூட்டர்மேல் நாலு, காகிதத்தின்மேல் ஆறு. ஒன்று நேரே ஏஜெண்டின் மடியை நோக்கி நடந்தது. அவன் அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினான்.

"இறங்கிடாதே! இப்போ நீதான்டா நான்ஸ்டாப்!" என்று மேசையைக் குத்தினார். "உன் வார்த்தையை நம்பி நான் இவனுக்கு வாக்குக் கொடுத்தேன். சொந்த மச்சினன் என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறான்!"

பூக்கார அம்மாள் கால்களைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்: "தம்பி, எனக்கும் நீ டைரக்ட்னுதானே சொன்னே? என் பூவெல்லாம் எங்கெங்க இறங்கி வாடுது?"

"வெளியில நிக்கிறவங்களையும் கேக்கச் சொல்லட்டுமா அத்தான்?" என்று மச்சினன் கதவை விரியத் திறந்தான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஏஜெண்டின் முகம் வெளிறியது. "அண்ணே, கதவைச் சாத்தச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

"பேசினது போதும். நண்டு விலை அறுபதாயிரம், எண்ணு."

நாற்காலியில் நின்றபடியே அலமாரியைத் திறந்து நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினான். நண்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கில்ல. பிடிச்சவன் கையில வை. ஒவ்வொண்ணா வை, நான் பாக்கணும்."

மச்சினன் உள்ளங்கையை விரித்தான். ஏஜெண்டு குனிந்து, நோட்டு நோட்டாக எண்ணி வைத்தான்.