என் வலது காதும் பதினோரு படி ஏணியும்

தாராவியில் மாடி வீடு என்றால் ஏணி வீடு. கீழே ஒரு குடும்பம், மேலே நாங்கள். வெளிச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு ஏணி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். பதினோரு படி. ஒவ்வொன்றும் முன்பாதம் வைக்கிற அகலம்தான். பிடித்துக்கொள்ள மேலே கொக்கியில் கட்டிய ஒரு கயிறு தொங்கும். புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இறங்குவார்கள். நாங்கள் சந்துப் பக்கம் பார்த்தபடி, ஒரு கையில் வாளியோடு இறங்குவோம். செம்பூரிலிருந்து வரும் என் நாத்தனார் திரும்பி இறங்கும்போதெல்லாம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

வலது காதைக் கேட்க வைப்பதற்கான ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், மகள் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வழக்கம்போல இறங்கலாம் என்று போனேன். முதல் படி, இரண்டாம் படி சரி. மூன்றாம் படியில் கால் வைத்தேன். எதிர்வீட்டுச் சுவர் இடப்பக்கமாக ஓடத் தொடங்கியது. ஓடிய சுவர் நிற்கவில்லை. எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று தெரியாமல் போயிற்று. பின்னாலிருந்து மகள் என் நைட்டியின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததால் வாசற்படியில் மல்லாந்து விழுந்தேன். ஏணியில் விழவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்குப் பிறகு அந்த ஏணியில் என்னால் தனியாக இறங்க முடியவில்லை. கக்கூஸ் சந்துக்கோடியில் இருக்கிறது. குழாய் கீழே. நான் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைக்கிற பட்டறையும் கீழே, நான்கு வீடு தள்ளி. என் பிழைப்பு மொத்தமும் கீழே இருந்தது, நான் மேலே இருந்தேன். ஒவ்வொரு முறையும் மகள் எனக்கு இரண்டு படி கீழே நின்று, தோளை என் இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறக்குவாள். கக்கூஸுக்குப் போக நாற்பத்து நான்கு வயதில் இன்னொருத்தரின் தோள் வேண்டும் என்பது எப்படிப்பட்ட அவமானம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டேன்.

எனக்குக் காது போனது முப்பத்து மூன்றாம் வயதில். காய்ச்சலால் போனதா, காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தால் போனதா என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இடது காது முதலில், வலது காது அடுத்த சில மாதத்தில். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். எனவே எனக்கு வாயும் காதும் அவள்தான். வீட்டில் அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் அது நடக்காது. அங்கே எல்லாருக்கும் முகத்தில் மாஸ்க், பேசுவது இந்தி, நடுநடுவே இங்கிலீஷ். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். டாக்டர் சொல்வதை அவள் அதில் தமிழில் எழுதிக் காட்டுவாள்.

தமிழில் எழுதுவாள் என்று சொல்வதுகூட அதிகம். இந்தி ஸ்கூலில் படித்தவள். தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு வரி எழுதுவதற்குள் நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துவிடுவேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் பத்து நிமிஷம் பேசினார். காதுக்குப் பக்கத்தில் கையை வளைத்து வளைத்துக் காட்டினார். ஒரு படத்தில் நத்தை மாதிரி எதையோ தொட்டுக் காட்டினார். அவள் எழுதிக் காட்டியது இவ்வளவுதான்: "சின்ன ஆபரேசன். கொஞ்ச நாள் தல சுத்தும். சரி ஆயிடும்."

"பத்து நிமிஷம் பேசுனதுக்கு இவ்வளவுதானாட்டீ?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான் என்று கையை விரித்தாள். டாக்டர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள். செலவுக்கு ஒரு டிரஸ்ட் கைகொடுக்கிறது, தேதியும் கிடைத்துவிட்டது, இனி என்ன யோசனை என்று நான் கையெழுத்துப் போட்டேன். அதே போல ஆபரேஷன் முடிந்த பிறகும் டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார். நோட்டில் வந்தது: "படுத்து ரெஸ்ட்."

படுத்தேன். படுத்தாலும் கட்டில் மெதுவாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. தலையைத் திருப்பினால் அறை ஒரு நொடி கழித்துத் திரும்பியது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன் என்றால் முடிந்தது கதை, நிற்கிற இடத்திலேயே பக்கவாட்டில் சரிவேன். கண் திறந்திருக்கும்வரைதான் நான் நேராக நிற்கிறவள். மகள் என்னை அசையவே விடவில்லை. எழுந்து உட்கார்ந்தால் ஓடி வந்தாள். ஜன்னல்வரை நடந்தால், "எம்மா, படு, படு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று கீழ்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டாம் வாரத்தில் எப்படி இருந்தேனோ அதைவிட மோசமாக நான்காம் வாரத்தில் இருந்தேன்.

நான்காம் வாரம், காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினை முதல்முறை இயக்குவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்ஸியில் போனபோதே இரண்டு முறை வாந்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். மாட்டுங்காக்காரி, தமிழ். நோட்டைக் கேட்டு வாங்கி, அச்சடித்த மாதிரி எழுதினாள்: "ஏன் இப்படி இருக்கிறீர்கள்? மூன்றாம் நாளிலிருந்தே எழுந்து நடக்க வேண்டும், தலையைத் திருப்பிப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தோமே. பயிற்சிகள் செய்யவில்லையா?"

நான் அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பிறகு முந்தைய பக்கத்தைப் புரட்டி "படுத்து ரெஸ்ட்" என்பதை அவளுக்குக் காட்டினேன். அவள் என் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் மேலும் எழுதினாள். கேட்பதற்கும் நேராக நிற்பதற்கும் காதுக்குள் ஒரே வீடுதான், பக்கத்துப் பக்கத்து அறை. ஒன்றில் வேலை செய்தால் மற்றதும் சில பேருக்கு அதிரும். அங்கே போன நிதானத்தைக் கண்ணும் காலும் மூளையும் சேர்ந்து ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். ஆனால் அசைந்தால்தான் கற்றுக்கொள்ளும், படுத்தால் கற்றுக்கொள்ளாது. எனக்கு எளிதாகப் புரிந்தது. எங்கள் சந்தில் ஒரு வீட்டில் டைல்ஸ் உடைத்தால் மூன்று வீட்டில் பாத்திரம் விழும்.

அன்றைக்கு மெஷினை இயக்கினார்கள். கீச், டொக், டொக். அதற்கப்புறம் ஒரு கிறீச்சல், தகர டப்பாவுக்குள் எலி மாட்டிக்கொண்ட மாதிரி. அந்த எலிதான் என் மகளின் குரல் என்றார்கள். பதினோரு வருடம் கழித்துக் கேட்கிறேன், எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. கோபம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் தூக்கி அவள் மடியில் போட்டேன்.

"நட நடன்னு அந்த டாக்டர் சொல்லியிருக்காரு. நீ படுன்னு எழுதியிருக்க. ஒனக்கு என்ன கேடுட்டீ?"

"நெறைய சொன்னாரும்மா. எனக்கு அவ்ளோ எழுத வரல," என்றாள்.

சோம்பேறி என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். என் குரலை நானே கேட்டேன், அதுவும் எலிதான், கொஞ்சம் பெரிய எலி. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கக்கூஸுக்கு அவள் தோள்தான் வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டவளின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

பயிற்சியை நானே ஆரம்பித்தேன். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலையணை மேல் கால்களைச் சேர்த்து நிற்க வேண்டும், பிறகு கண்ணை மூடி நிற்க வேண்டும். நீளமான வராந்தாவில் நேர்கோட்டில் நடக்கச் சொல்லியிருந்தாள் அந்த மாட்டுங்கா அம்மாள். வராந்தாவுக்கு நான் எங்கே போவேன்? மகளைக் கீழே இறக்கிவிடச் சொல்லி எங்கள் சந்திலேயே நடந்தேன். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். அந்தச் சந்தில் விழுவதற்குக்கூட இடம் கிடையாது. முதல் நாள் இரண்டு கையும் சுவரில். பத்து நாளில் ஒரு கை. அப்புறம் வெறும் விரல் நுனி. தினமும் மத்தியானம் வாந்தி வரும்வரை செய்தேன். எனக்கு வீம்பு அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அது உதவியது.

மெஷின் போட்டு ஏழாவது வாரத்தில் தரையில் கிட்டத்தட்டப் பழைய ஆளாகிவிட்டேன். குரல்களும் எலியிலிருந்து மனுஷராகிக்கொண்டு வந்தன. ஏணி மட்டும் ஏணியாகவே இருந்தது. ஏறிவிடுவேன், இறங்குவதுதான் முடியவில்லை. அதில் இறங்கும்போது கீழே பார்க்க வேண்டும், கீழே பார்த்தால் தலை குனியும், குனிந்த அந்த நொடியில் சுவர் ஓடும்.

அப்போதுதான் மகளுக்குச் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. எனக்காக, சேருகிற தேதியை ஒரு முறை தள்ளிக் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் போவல," என்றாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும். "நீ இங்க ஒத்தையில என்ன செய்வ?"

"எறங்குவேன்."

"எங்க எறங்குவ? கீழ்வீட்டு அக்காவும் வேலைக்குப் போயிருவா. நீ விழுந்தன்னா ராத்திரி நான் வந்துதான் பாக்கணும். போவல, அவ்ளோதான்."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலையில் நான் தனியாக இறங்க வேண்டும். அவள் கீழே நிற்கலாம், தொடக் கூடாது. நான் தரையில் கால் வைத்தால் அவள் வேலைக்குப் போவாள். முடியாமல் போனால் அவள் சொல்வதுதான், வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. என் பெண்ணின் பிழைப்பு என் முட்டியில் வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

காலை ஏழே முக்காலுக்கு, நாத்தனார் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கீழே குனிந்து பார்ப்பதில்லை என்று முடிவு. கயிற்றை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். சுவரில் சிமெண்ட் பெயர்ந்த இடம் ஒன்று கண்ணுக்கு நேரே இருந்தது, அதைப் பார்த்தேன். ஒரு கால். இன்னொரு கால். அந்த இடம் கண்ணை விட்டு மேலே போனதும் அதற்குக் கீழே ஓர் ஆணி. ஆணியைப் பார்த்தேன். நான்காம் படியில் சுவர் மெல்ல நகர்ந்தது. கண்ணை மூடினால் செத்தேன் என்று தெரியும். மூடவில்லை. ஆணி நிற்கும்வரை நின்றேன். முதுகில் வேர்வை ஓடியது. ஐந்து. ஆறு.

ஆறாம் படிக்குக் கீழே கால் இறங்கவில்லை. அடுத்த படி எங்கே என்று கால் துழாவியது, கிடைக்கவில்லை, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. அப்போது கீழேயிருந்து அவள் பேசத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எனக்குக் கேட்காது என்று அர்த்தம். பதினோரு வருடப் பழக்கம். ஆஸ்பத்திரியில் மெஷினைச் சோதிக்க வாயை மறைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பார்கள், அதில் முக்கால்வாசி எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. மகள் அதை நம்பியதில்லை. முகத்தைப் பார்த்தால்தான் அம்மாவுக்குப் புரியும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

"எம்மா, ஒனக்குக் கேக்காது, அதான் சொல்லுதேன்," என்றாள். "ஆபரேசனுக்கு முந்தியே டாக்டர் சொன்னாரும்மா. பெரியவங்களுக்குச் சில நேரம் நெதானம் போயிரும், சில பேருக்கு முழுசாத் திரும்பி வராதுன்னு சொன்னாரு. எழுதிக் காட்டுன்னு சொன்னாரு. நான் எழுதல. எழுத வராம இல்லம்மா. எழுதுனா நீ வேண்டாம்னுட்டு எந்திச்சு வந்துருவன்னு தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "ஒம்பது வயசுக்கப்புறம் நான் பேசுனத நீ கேட்டதே இல்ல. எனக்கு நீ கேக்கணும்னு இருந்துச்சு. எனக்காவத்தான் செஞ்சேன். அப்புறம் ஆபரேசன் முடிஞ்சு நீ தள்ளாடுனதப் பாத்துப் பயந்துதான் படுன்னு எழுதுனேன், நீ விழப் பாத்த அன்னைக்கிருந்து ஒன்ன எந்திக்கவே விடல. இப்ப நீ விழுந்தன்னா நான் என்னம்மா செய்வேன்?"

ஒரு சொல் விடாமல் கேட்டது.

என் உடம்பெல்லாம் எரிந்தது. என் காது, என் தலை, என் கால். இவள் யார் எனக்காகத் தீர்மானிக்க? அந்த நொடியில் திரும்பியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். திரும்பினால் விழுவேன். சுவரையே பார்த்தேன். கீழே அவள் விம்மிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அவள் அழுகை ஒரு குழந்தையின் அழுகை. இது பெரிய பெண்ணொருத்தியின் அழுகை, சந்தில் யாருக்கும் கேட்கக் கூடாதென்று அடக்கி அழுகிற அழுகை. இதை எத்தனை வருடமாக என் முதுகுக்குப் பின்னால் அழுதிருப்பாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் மங்கியது. மங்கவும் கூடாது. புறங்கையால் துடைக்கக் கையும் இல்லை.

"ஏட்டீ," என்றேன் சுவரைப் பார்த்தபடியே. "அழுதது போதும். இன்னும் எத்தன படி இருக்குன்னு பாத்துச் சொல்லு. ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கீழே விம்மல் சட்டென்று நின்றது.

பிறகு, "அஞ்சு," என்றாள்.