பத்து நிமிஷம் உட்காரச் சொன்ன முக்காலி

என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. லீவு கிடைத்தால் தச்சு வேலைப் பைத்தியம் பிடித்துவிடும். முதலியார்பேட்டை வீட்டில் அடுப்பு எனக்குப் பாதி, அவருடைய வச்சிரப் பசைக்குப் பாதி. மாட்டுத் தோலில் காய்ச்சிய அந்தக் கட்டியை முதல் நாளே ஊறவைத்து, தகர டப்பாவில் போட்டு, வெந்நீர்ப் பானைக்குள் இறக்கி உருக்குவார். அந்த நாற்றத்தில் நான் குழம்பு தாளிக்க வேண்டும்.

அன்று எனக்கு டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலைக்கு நேர்காணல். பிரவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை தேறி நாலு வருஷம் சும்மா கிடந்தவள் நான். பத்து மணிக்குப் பிந்தினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அந்தப் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரீ மதர் சொல்லியனுப்பியிருந்தார். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு செருப்பை மாட்டப் போனேன்.

"ஓடியா, ஓடியா! பசை ஆறிடப் போவுது!"

முக்காலி செய்துகொண்டிருந்தார். பலகையில் மூன்று துளை. காலின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி அதில் ஏற்ற வேண்டும். பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள் என்று முன்பே சொன்னேன். கேட்டால்தானே? பசையை அப்பிய பிறகு கழுந்து பாதியில் நின்றுவிட்டது. தட்டி இறக்கியாயிற்று, இனி பலகை மேலே எழும்பாமல் அழுத்த ஒரு பாரம் வேண்டுமாம்.

"அம்மிக்கல்லத் தூக்கி வைங்க."

"அது வழுக்கும். நீ ஒக்காந்தா கணக்கா இருக்கும். பத்தே நிமிஷம்."

"வழிஞ்ச பசையத் தொடச்சீங்களா?"

"தொடச்சாச்சி, தொடச்சாச்சி."

நம்பி உட்கார்ந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். துடைத்தது காலில் வழிந்ததை மட்டும். என் பாரம் அழுத்த அழுத்த, மீதிப் பசை துளை வழியாகப் பலகைக்கு மேலே பிதுங்கியிருக்கிறது. எழப் போனபோதெல்லாம் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று இழுத்தார். மணி ஒன்பதேகால். எழுந்தேன். முக்காலியும் கூடவே எழுந்தது.

பின்னால் முக்காலி தொங்க நான் நிற்கிறேன். அவர் முட்டி போட்டுக் கழுந்தை ஆட்டிப் பார்த்து, "நல்லா புடிச்சிருக்கு" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு வருஷக் காத்திருப்பு ஒரு முக்காலியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது!

அடுப்படிக்கு இழுத்துக்கொண்டே போய், பானையிலிருந்து வெந்நீரை மொண்டேன்.

"ஊத்தாத! துணிய நனச்சி மெதுவா ஒத்தி எடுக்கலாம். ஊத்துனா கழுந்தெல்லாம் உட்டுடும்!"

சேலையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஒரு செம்பு போதாது என்று இன்னொரு செம்பு. பசை இளகிச் சேலை விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு காலும் கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஈரம் காயட்டும் என்று வெயிலில் நடந்தே போனேன். நனைந்த இடம் காய்ந்து அட்டையாக விறைத்துப்போனது. மதர் உட்காரச் சொன்னார். நிற்கிறேன் மதர் என்றேன். பணிவு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மத்தியானம் வீடு திரும்பினால், மறுபடி பசை தடவி மூன்று காலையும் ஏற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? வா, வந்து ஒக்காரு. இந்தத் தடவ தாள் விரிச்சிருக்கேன்."

"இனிமே அம்மிக்கல்ல வெச்சிக்கிங்க," என்றேன். "நாளையிலேர்ந்து எட்டு மணிக்கெல்லாம் நான் பள்ளிக்கூடத்துல இருக்கணும்."

அவர் போய் அம்மிக்கல்லைத் தூக்கி வந்தார்.