புகைக்கு நான் எழுதிய ஆட்சேபணை

அரியலூரில் எங்கள் வீட்டெதிரே சுண்ணாம்புக் காளவாய். என் மனைவிக்கோ மூச்சிழுப்பு நோய். காளவாய்களை ஊருக்கு வெளியே மாற்றப் பஞ்சாயத்து போர்டு விதி தயாரிப்பதாகக் கேள்விப்பட்டு, வாரந்தோறும் நோட்டீஸ் பலகையைப் பார்த்துவந்தேன். ஒருநாள், “புகை விதி: ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம்” என்றிருந்தது. விடுவேனா? “எனக்குப் பலத்த ஆட்சேபணை உண்டு” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன், மகா கெட்டிக்காரன்!

அடுத்த மாதம் விதியைக் கைவிட்டார்கள்.

போர்டு ஆபீசுக்குப் போய், “ஏங்க?” என்றேன்.

“காளவாய்க்காரரே சும்மா இருந்துட்டாரு. விதி வேண்டாம்னு எழுதுனது நீங்க ஒருத்தர்தாங்க!” என்றார் குமாஸ்தா.

வீட்டில் சொன்னதும், “காளவாய்க்காரரு உங்களுக்கு மாலை போடணும்,” என்று சிரித்த மனைவிக்கு இருமல் அடங்கவில்லை.

இப்போது “விதி வேண்டும்” என்று தொடங்கி மறுபடி மனு எழுதுகிறேன். கொடுப்பதற்கு முன் அவளுக்குப் படித்துக்காட்டுகிறேன். நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கும். நிறுத்திக் காத்திருந்து, மீதியைப் படிக்கிறேன்.