ஷெரில் இல்லாத கடிதம்

டிசம்பர் இருபதாம் தேதி காலை, முத்துமாரி பூ மார்க்கெட்டிலிருந்து வந்து பையை இறக்கி வைப்பதற்குள் செல்போன் சிணுங்கியது. கனடாவிலிருந்து சில்வியா மேடம் அனுப்பியிருந்தார். வழக்கமான கிறிஸ்துமஸ் கடிதம்.

வருஷா வருஷம் வருவதுதான். அந்த ஆண்டு தங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் மேடம் நாலு பக்கத்துக்கு எழுதி, இடையிடையே படங்களையும் வைத்து, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதமாக அனுப்பிவிடுவார். சொந்தக்காரர்களுக்குப் போகும் அதே கடிதம் சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் பூ கட்டி விற்கும் முத்துமாரிக்கும் வரும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இங்கிலீஷ்தான் வாசிக்கத் தெரியாது.

முப்பத்துநாலு வயதில் கடையநல்லூர் ஏஜென்ட் ஒருவர் மூலம் மஸ்கட்டுக்குப் போனவள் அவள். அதுவரை திருவேங்கடம் பஸ் ஏறியதே அவளுக்குத் தூரப் பயணம். அங்கே கோவாக்காரர் வீடு. சார், மேடம், ஏரன் என்று ஒரு பையன், மூன்று மாதக் கைக்குழந்தை ஷெரில். மேடம் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் குழந்தை முத்துமாரியின் கைக்கு வந்தது. ஒன்பது வருஷம் அந்தக் கையிலேயே இருந்தது. அந்தப் பிள்ளை முதலில் பேசியது தமிழ்தான், அதுவும் முத்துமாரி பேசுகிற தமிழ். மேடத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். முத்துமாரிக்கும் அவள் புருஷன் சிவனாண்டிக்கும் பிள்ளைகள் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கனடாவுக்குக் குடிபோனபோது இவள் ஊர் திரும்பினாள்.

கடிதத்தை வாசித்துச் சொல்வது அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஜெஸ்லின். மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். நாசரேத் பக்கத்துப் பெண். அரையாண்டுத் தேர்வுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளை முத்துமாரி கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஒண்ணு விடாம வாசி மக்கா. நாய் சேதியக்கூட விட்றாத."

ஜெஸ்லின் போனைப் பெரிதாக்கிப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "சார் புது ஆபீசுக்கு மாறியிருக்காங்க. முதுகுவலி இருந்துச்சாம். இப்ப தினமும் காலையில ஓடுதாங்களாம்."

"முதுகு வலிக்கவன் எதுக்கு ஓடுதான்," என்றார் சிவனாண்டி. அவர் வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"நீரு சும்மா இரும்."

"மேடம் கேக் பண்ண படிச்சு பரீட்சை எழுதியிருக்காங்க. பாஸாம். ஏரன் காலேஜ்ல சேர்ந்துட்டான். சனி ஞாயிறு டயர் கடையில வேலை பாக்கானாம்."

"அம்புட்டு வசதியான வீட்டுப் பிள்ளை டயர் கடையிலயா?"

"அங்கன அப்படித்தான் பெரியம்மா. அடுத்து பட்டர். ரெண்டு பல்லு புடுங்கியிருக்காங்க. இப்பல்லாம் கஞ்சிதான் குடிக்கானாம்."

முத்துமாரி கையில் எடுத்த பூவோடு நிமிர்ந்தாள். "பட்டர் நாயில்லா? நாய் கடைசியிலல்லா வரும். ஏரனுக்கும் நாய்க்கும் நடுவுல ஷெரில் எங்க?"

ஜெஸ்லின் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். புதிதாக மாற்றிய சமையலறை, கோடையில் போன ஏரி, தோட்டத்தில் காய்த்த தக்காளி என்று எல்லாம் இருந்தது. "அவ பேரே இல்ல பெரியம்மா."

"சரியாப் பாரு."

சரியாகப் பார்த்தாலும் இல்லை. படங்களிலும் இல்லை. ஏரிக்கரைப் படத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு முழங்கை தெரிந்தது. முத்துமாரி போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது அவ கைதான்."

"முழங்கையில பேரு எழுதியிருக்கா?" என்றார் சிவனாண்டி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வீட்டுச் சேதி எழுதின தாளில் ஒரு பேர் விட்டுப்போனால் அது சும்மா விட்டுப்போனதாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் கீழே அடித்திருக்கும் பேர்களைத்தான் பார்ப்பார்கள். இருக்க வேண்டிய பேர் இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான். ஆள் உயிரோடு இல்லை, அல்லது அந்த வீட்டுக்கு ஆகவில்லை. அவளுடைய அண்ணன் காசிராஜன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சிவனாண்டியின் பேரைப் போடாததில் பதினாலு மாதம் பேச்சுவார்த்தை அற்றுக் கிடந்தது.

பதினைந்து வயசுப் பிள்ளை. அதை யார் என்னவென்று விலக்கி வைப்பார்கள்? அப்படியென்றால் மற்றதுதான். அந்த நினைப்பை அவள் தொட்ட உடனே விட்டாள். விட்டாலும் அது போகவில்லை.

"அப்படி ஏதாவதுன்னா எழுதியிருப்பாங்க பெரியம்மா," என்றாள் ஜெஸ்லின். "போன வருஷம் மேடத்தோட அம்மா இறந்ததை எழுதலையா? நாந்தான வாசிச்சேன்."

எழுதியிருந்தார்தான். புது அலமாரி வாங்கின வரிக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், அதே சந்தோஷமான கடிதத்தில். அந்த வீட்டில் அது துக்க வருஷமா, பண்டிகை வருஷமா என்று அப்போதே முத்துமாரிக்கு விளங்கவில்லை.

"பெத்த தாயை எழுதிரலாம்ட்டி," என்றாள். "பெத்த பிள்ளையை எப்படி எழுதுவா?"

ஜெஸ்லின் எழுந்தாள். தாள்களைத் திருத்தப் போய்விட்டாள்.

கடிதம் வந்த அன்றைக்கே முத்துமாரி 'ஹேப்பி கிறிஸ்மஸ்' என்று குரலில் பதிந்து அனுப்பிவிடுவது வழக்கம். இந்தத் தடவை போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், துட்டி கேட்க வேண்டிய வீட்டுக்கு ஹேப்பி என்று சொன்ன பாவம் வரும். ஒன்றும் ஆகாமல் இருந்து, இவள் பிள்ளைக்கு என்னாச்சு என்று குரலை இறக்கிக் கேட்டால், நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் சொன்னவளாவாள். எந்தக் குரலில் பேசுவது?

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்தியும் இங்கிலீஷும் கலந்த அவளுடைய மஸ்கட் பாஷையில், சார் சௌக்கியமா, மேடம் சௌக்கியமா, ஏரன் சௌக்கியமா, ஷெரில் சௌக்கியமா, பட்டர் சௌக்கியமா என்று சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஒரே சீராகக் கேட்டு அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம், பக்கத்தில் இரண்டு கைகள் கும்பிடுகிற படம். வேறொன்றும் இல்லை.

அவள் ஜெஸ்லின் வீட்டுக்கு ஓடினாள். "கும்பிடு போட்டிருக்கா பாரு."

"நன்றின்னு அர்த்தம் பெரியம்மா."

"நம்ம ஊர்க் குரூப்ல யாரும் செத்தாத்தான இந்தக் கும்பிடு போடுதாங்க? போன வாரம் ராயகிரி சித்தப்பாவுக்கு வரிசையா நாப்பது பேரு போட்டாங்கல்லா."

ஜெஸ்லின் அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். அதுவும் உண்மைதான்.

அந்த மூன்று நாளில் முத்துமாரி கட்டிய சரமெல்லாம் ஒழுங்கில்லாமல் போனது. பிச்சிப்பூ ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் பல்லிளித்துக்கொண்டும் இருந்தது. வாடிக்கையான வங்கி மேனேஜர் வீட்டு அம்மாள், "என்ன மாரி, கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். சிவனாண்டி ஒரு தடவை, "போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன," என்றார். "துட்டியைப் போன்ல கேக்குறதா?" என்று அவள் கேட்டதும், "துட்டின்னே முடிவு கட்டிட்டியா?" என்றார். அவள் எந்த முடிவும் கட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் ஜெஸ்லின் புதுச் சேலையில் கேக்கும் முறுக்கும் கொண்டுவந்தாள். முத்துமாரி தட்டை வாங்கி அப்படியே மூடி வைத்தாள். ஜெஸ்லின் போனில் மணியைப் பார்த்தாள்.

"இப்ப அங்கன காலையில எட்டு மணி. போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"நீ போடு. மணி அடிக்கட்டும். எனக்குக் கை வரல."

மேடம் எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் மரத்தில் விளக்குகள், தரையெல்லாம் கிழித்த வண்ணக் காகிதம். மாரி என்பது அவர் வாயில் எப்போதும் மேரிதான். 'மேரி, மேரி' என்று கூப்பிட்டுக்கொண்டு போனை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். சார் கையசைத்தார். ஏரனுக்கு மீசை வந்திருந்தது. பட்டர் படுத்துக் கிடந்தது. துக்க வீடு மாதிரி இல்லை. ஆனால் ஷெரிலும் இல்லை.

முத்துமாரி கேட்டுவிட்டாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஷெரில்?"

மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண்ணில் மட்டும் குறைந்தது. மாடியில் இருக்கிறாள் என்றார். கடிதத்தில் தன்னைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டாளாம். படமும் கூடாதாம். "அவளைக் கேட்டுப்பார் மேரி, என்னிடம் எதுவும் சொல்வதில்லை," என்று சொல்லிக்கொண்டே படியேறினார். ஒரு கதவு தட்டப்பட்டது. போன் கை மாறியது. பிறகு திரையில் வெறும் வெள்ளைக் கூரை.

"ஆரு?" தமிழில் ஒரு குரல்.

"நான் மாரி."

முத்துமாரிக்கு வேறெதுவும் தோன்றாமல், "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல." குரல் பெரிய பெண்ணின் குரல். ஆனால் தமிழ் ஒன்பது வயதில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. "மாரி, அம்மா லெட்டர்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் நல்லா இல்ல. மூணு மாசம் ஸ்கூலுக்குப் போவல. அதை எழுதுன்னேன். அம்மா, ஷெரில் ரெஸ்ட் எடுக்கான்னு எழுதுனா. அது பொய். அப்ப என்னயப் போடாதன்னுட்டேன்."

தன் பேரைப் போடாததற்குச் சண்டை போட்டவர்களை முத்துமாரி பார்த்திருக்கிறாள். போடாதே என்று சண்டை போட்ட ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். மேடம் செய்தது தப்பா, இவள் செய்தது தப்பா என்று யோசித்தாள். மனசு எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

"எதுக்குப் போவல?"

"தெரில. காலையில எந்திக்க முடியல."

"காய்ச்சலா?"

"இல்ல."

"வயித்துவலியா? யாரும் வஞ்சாங்களா?"

"இல்ல மாரி. ஒண்ணும் இல்ல."

அந்தப் பிள்ளைக்கு வந்த எல்லா நோவும் முத்துமாரிக்கு அத்துபடி. பல் முளைத்த காய்ச்சல், காதுவலி, பேரீச்சம்பழம் தின்று போன வயிறு. இதற்கு மட்டும் அவளிடம் பேர் இல்லை. "முகத்தக் காட்டு," என்றாள்.

"மாட்டேன். நீ சொல்லு. உனக்கு இந்த வருஷம் என்ன ஆச்சி? நெசமா சொல்லணும்."

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. "ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி," என்று ஆரம்பித்தாள்.

"நெசமா."

"நெசந்தான். ஒண்ணு செத்துப்போச்சி." போனை மறு கைக்கு மாற்றினாள். "சித்திரையில ஒருநாள் பூ கட்டிக்கிட்டிருக்கும்போது அழுகை வந்துட்டு. மூணு முழம் கட்டி முடிக்க மட்டும் அழுதேன். பிறவு நின்னுட்டு."

"எதுக்கு அழுத?"

"தெரியல மக்கா."

"ம்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சிவனாண்டி திரும்பிப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் சேதி. கூரையில் ஒரு நிழல் அசைந்தது, பிள்ளை புரண்டு படுத்திருக்க வேண்டும்.

"நாளைக்கும் கூப்பிடு," என்றது குரல். போன் அணைந்தது.

வாழ்த்துச் சொல்லவில்லை என்பது அதன்பிறகுதான் முத்துமாரிக்கு நினைவு வந்தது. ஜெஸ்லின் தயங்கிக் கேட்டாள். "நல்லா இருக்காளா பெரியம்மா?"

"இருக்கா."

"அது நல்ல சேதியா, கெட்ட சேதியா? ஏதாவது ஒண்ணு சொல்லு," என்றார் சிவனாண்டி.

"ஏட்டி, காலையில எந்திக்க முடியலைன்னா அது என்ன நோவு?" என்று முத்துமாரி ஜெஸ்லினைக் கேட்டாள்.

ஜெஸ்லின் கேக் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அதுக்குன்னு டாக்டர் இருக்காங்க. மனசுக்குப் பாக்குறவங்க. மேடம் கூட்டிட்டுப் போவாங்களா இருக்கும்."

அப்படிக் கூட்டிப்போனால் அடுத்த வருஷக் கடிதத்தில் அதை எழுதுவார்களா, எழுதினால் எந்த வரிக்குப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று முத்துமாரி நினைத்தாள். போனை ஜெஸ்லினிடம் நீட்டினாள்.

"தெனமும் சாயங்காலம் ஆறரைக்கு மணி அடிக்க மாதிரி இதுல வச்சுக் கொடு."

"தெனமுமா? தெனமும் என்ன பேசுவீங்க?"

"அது தெரியல. நீ மணிய வை."