மேடைக்குக் கீழே மிளகு மிதித்தேன்

பள்ளி ஆண்டு விழாவில் ஆட என் ஏழு வயது மகளைச் சேர்த்ததும், "ஊட்டுலயே நான் சொல்லிக் குடுத்துக்கறேனுங்க டீச்சர்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆடத் தெரியாது. போனில் வீடியோவைப் போட்டு, "கால வையி, திரும்பு" என்று நான் கத்தக் கத்த, அவள் விறைத்துப்போய் நின்றாள்.

"எனக்கு வரலீங்கம்மா" என்று அழுகை வேறு.

வாசலில் என் கணவர் தார்ப்பாய் விரித்து மிளகுக் கொத்துகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். "அழுவாத சாமி, வா, மிதிக்கலாம்" என்றார். மணி உதிர வேண்டுமானால் பாதத்தை ஊன்றி இப்படியும் அப்படியும் திருக வேண்டும். கொல்லிமலையில் இதைக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மிதிக்க மிதிக்க, இடுப்பு அசைந்தது, தோள் துள்ளியது. நான் தொண்டை வற்றக் கத்தியும் வராத அதே ஆட்டம்! மெதுவாகப் போனில் பாட்டைப் போட்டேன். தார்ப்பாயே மேடையாகிவிட்டது.

விழாவன்று கூட்டத்தைப் பார்த்ததும் மறுபடி விறைத்துவிட்டாள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து மேடைக்கு முன்னால் போனேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுந்தரையில் மிளகு மிதித்தேன். பின்னால் ஊரே சிரித்தது. அவளும் என்னைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலைத் திருகினாள். அப்புறம் பாட்டு முடியும்வரை நிற்கவே இல்லை.

கீழே ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டவள், "நீங்களும் நல்லா ஆடுனீங்கம்மா" என்றாள்.

என்னிடம் அப்படி யாரும் அதுவரை சொன்னதே இல்லை.